தும்பைமேல் விழுந்த நிழல்

தை மாதத்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். இடுப்பில் சாக்குப்பையைச் செருகிக்கொண்டு தும்பையின் மேற்கு ஓரத்தில் நின்றிருந்தேன். கிழக்கே பார்த்த முகம். முகத்தில் வெயில் அடித்தால் நிழல் முதுகுக்குப் பின்னால்தான் விழ வேண்டும். விழுந்துதான் இருந்தது. திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

குனிந்து கையை நீட்டியபோதுதான் முன்னாலும் ஒன்றைப் பார்த்தேன்.

என் நிழல்தான். முந்தானையை இழுத்துச் செருகியது, கொண்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது, எல்லாம் அப்படியே இருந்தது. நான் கையை நீட்டினால் அதுவும் நீட்டியது. பின்னால் கிடந்த நிழல் நல்ல கறுப்பு. இது வெளுத்த கறுப்பு, நனைந்த பழந்துணியின் நிறம். வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த தும்பைமேல் நீட்டிப் படுத்துக் கிடந்தது.

அந்த நிழலின் உடம்பு விழுந்த செடிகளில் ஒரு தேனீ இல்லை. அதன் தலை விழுந்த இடத்தில் மட்டும் அடை கட்டியதுபோல மொய்த்துக்கொண்டிருந்தன.

நான் தலையைச் சாய்த்தேன். நிழலும் சாய்ந்தது. தேனீக்கள் எழும்பி, சாய்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தன.

ஓர் இலைகூடக் கிள்ளவில்லை. வெறும் பையோடு திரும்பி நடந்தேன்.

யாருக்காகப் போனேன்

என் மருமகள் லாவண்யாவுக்காகப் போனேன். ஆந்திராப் பக்கத்துப் பெண். சூளூர்பேட்டை தாண்டி ஏதோ ஊர். ஒரகடத்தில் வேலைக்கு வந்து, என் மகன் சேகர் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கி, கடைசியில் என் வீட்டில் இறங்கியவள். அது தனிக் கதை, அதற்கு இந்தப் பத்திரிகையில் தனியாக ஒரு வாரம் வேண்டும். இங்கே வேண்டாம்.

அவளுக்கு லைனில் வேலை. குண்டூசித் தலை அளவுச் சாமான்களை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வெள்ளை லைட். ஷிப்ட் முடிகிறவரை கண்ணை எடுக்கக் கூடாது.

ஐப்பசி மழையோடு அவளுக்குத் தலைவலி வந்தது. இடது புருவத்துக்கு மேலே தொடங்கி உச்சிக்கு ஏறும். அப்போது இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொள்வாள். சுண்டு விரல் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"வலி மாதிரி இல்ல அத்தம்மா. உள்ள சுத்துது. தேனீ அடைச்சி வெச்ச மாதிரி சுத்துது" என்பாள்.

மாமியாரை அவர்கள் பக்கம் அத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் மாற்றச் சொல்லவில்லை.

தூக்கத்திலும் முனகுவாள். "தேனெட்டீகலு, தேனெட்டீகலு." அவர்கள் பாஷையில் தேனீக்கள் என்று அர்த்தமாம். சேகர் கேட்டுச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றால் தூங்குவாள். எழுந்தால் மறுபடியும் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாள். அவளைப் பெற்றவர்கள் வந்து அழைத்துப் போய்விடுவோம் என்று போனில் பேசினார்கள். என் வீட்டுக்கு வந்த பெண்ணை நோயாளியாகத் திருப்பி அனுப்பியதாக ஒரு பேச்சு வரக் கூடாது. அந்த வைராக்கியத்தில்தான் நான் தும்பையைத் தேடிப் போனேன்.

யாரும் விதைக்காதது

தும்பையை யாரும் விதைத்ததில்லை. மழை விட்டதும் தானாக வரும். பனி இறங்கும்போது முழங்கால் உயரம் இருக்கும். தண்டில் முடிச்சு முடிச்சாக உருண்டைகள், உருண்டையைச் சுற்றி வெள்ளைப் பூ. ஒரு பூ பச்சரிசி நொய் அளவுதான். பிடுங்கி அடியை உறிஞ்சினால் நாக்கு நுனியில் ஒரு சொட்டு இனிப்பு தெரியும், அவ்வளவுதான்.

அந்த ஒரு சொட்டுக்குத்தான் தேனீ வருகிறது. பூவின் உதட்டில் உட்கார்ந்தால் அதன் கனத்துக்குப் பூ தலை குனியும். சில சமயம் தேனீ எழும்பும்போது பூவும் கழன்று கூடவே வரும். கொஞ்ச தூரம் பறந்து நடுவழியில் விழும். பார்க்கிறவர்களுக்குப் பூதான் பறக்கிறதென்று தோன்றும்.

எங்கள் பக்கத்தில் சளி, தலைபாரம், ஒற்றைத் தலைவலி, பூச்சிக்கடி எல்லாவற்றுக்கும் தும்பைதான். கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஆவி பிடிப்போம். இலையை அரைத்து நெற்றியில் பற்றுப் போடுவோம். ஒரு மாதிரிக் காட்டமான வாசம். அந்த வாசம் ஒரு வீட்டிலிருந்து வந்தால் அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் பறிப்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது.

தும்பை மண்டியிருக்கிற இடத்தின் மேற்கு ஓரத்தில், வெறுந்தரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். காலை வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும். யாருக்கு நோவு என்று பெயரைச் சொல்ல வேண்டும். செடியில் தேனீ உட்கார்ந்திருந்தால் விரட்டக் கூடாது. அது தானாக எழும்பின பிறகு கை வைக்க வேண்டும். முக்கியமானது, பறிக்கிறவரின் நிழல் செடிமேல் விழக் கூடாது.

செடி நோவை வாங்கி, பறிக்கிறவரின் நிழலில் இறக்கி வைக்கும். நிழல் வெறுந்தரையில் விழுந்தால் நோவு மண்ணுக்குப் போகும். நிழல் செடிமேலேயே விழுந்தால் நோவு மண்ணுக்குப் போக வழி இல்லை. நிழலுக்கு உரியவர்மேல் ஏறிக்கொள்ளும்.

தெற்கே பார்த்துப் பறித்தால் அது செத்தவருக்கு. வடக்கே பார்த்துப் பறிப்பதும் உண்டு. அது எதற்கு என்று நான் எழுதப் போவதில்லை. அப்படிப் பறித்தவர்களின் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

சின்னப்பையன் மாடு

இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்பீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் சின்னப்பையன் என்று ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மாட்டுக்கு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. சாயங்கால நேரம். காலைவரை மாடு தாங்காது என்று ஓடிப்போய்த் தும்பையைப் பிடுங்கி வந்தார். வெயில் முதுகில் அடிக்கும்போது பிடுங்கினார். நிழல் முன்னால் விழுந்திருக்கும், வேறெங்கே விழும்?

மாடு எழுந்துவிட்டது. வைக்கோல் தின்றது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு உள்ளே போனால் வயிறு உப்பும். அதுகூடப் பரவாயில்லை. வாயில் ஒன்றும் இல்லாதபோதும் தாடை அசைந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டு மெல்லுவார். பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்த மாடு அவர் கிட்டே போனால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். கடைசியில் வேறு ஆளுக்கு விற்றுவிட்டார்.

நான் அப்போது சிரித்தேனா என்று நினைவில்லை. அந்தத் தாடை மட்டும் நினைவிருக்கிறது.

கண்ணாடி

போன வாரம் எங்கள் நிலத்தை விற்ற கதையோடு நிறுத்தியிருந்தேன். பென்னலூர் தாண்டி உள்ளே போகிற ரோட்டில், நாங்கள் வேர்க்கடலை போட்ட நிலம். அதன் மேற்குப் பாதியில் கம்பெனிக்காரர்கள் கட்டடம் எழுப்பினார்கள். அடியிலிருந்து உச்சிவரை கண்ணாடி. கிழக்குப் பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மதில் சுவர் போட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். மழையில் சுவர் ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே தும்பை பிடித்துக்கொண்டது.

வேறு எங்கே போய்ப் பறிப்பது? ரோட்டோரத்துத் தும்பையில் லாரிப் புழுதி. வாய்க்கால் ஓரத்தில் நுரைத் தண்ணீர். காலி மனைகளில் களைக்கு மருந்தடிக்கிறார்கள். சுத்தமான தும்பை அந்தச் சுவருக்குள்தான் இருந்தது. அங்கே காலை வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிறது. கிழக்கே ஒரு சூரியன், மேற்கே ஒரு சூரியன். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் முதுகிலும் வெயில். வெறுந்தரையில் ஒரு நிழல், செடிமேல் ஒரு நிழல்.

தேனீக்களுக்கும் அந்தக் குழப்பம் இருந்தது. தும்பையிலிருந்து எழும்பி, கண்ணாடியில் தெரிகிற சூரியனைப் பார்த்துப் போய் மோதி விழும். அதைக் கூட்டி அள்ளுகிறவள் கனகா.

கனகா என் வீட்டுக்காரரின் தங்கை. கட்டியவனைப் பிடிக்காமல் வந்துவிட்டவள். என் வீட்டுப் பின்பக்கத்து அறையில் இருக்கிறாள். தனி அடுப்பு. "உன் கையால ஒரு வாய் தின்னமாட்டேன் அண்ணி" என்று அவள் சொன்னது என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது. இன்றுவரை தின்றதில்லை. கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அந்தச் சம்பளம்தான் அவளுடைய அடுப்பு.

"கண்ணாடி அடில அரிசி கொட்னா மாதிரி கெடக்குது அண்ணி. தொடப்பத்தால தள்ளி கருப்புப் பைல கட்டறேன். எல்லாம் செத்தது இல்ல. பை சாயங்காலம் வரிக்கும் முனகிகினே கீது" என்று ஒருமுறை சொன்னாள். எங்களுக்குள் சண்டையில்லாமல் நடந்த பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வெறும் பை

அன்று நான் வெறும் பையோடு வந்தபோது கனகா வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று மத்தியான ஷிப்ட்.

"இன்னா அண்ணி, சாக்கு தூக்கிகினு போன. காத்து புட்ச்சிகினு வந்தியா?"

"மருந்து அட்ச்சி வெச்சிக்கிறானுங்க. செடி நல்லா இல்ல" என்றேன்.

"பொய்யி. நான் தெனம் அந்த வழியாத்தான் வரேன். நெழல் விழுந்துதா?"

நான் பையை மடிக்கத் தொடங்கினேன்.

"அந்தக் கண்ணாடி வந்ததுலேர்ந்து அங்க நின்னா எல்லாருக்கும் ரெண்டு. உனுக்கு இப்பத்தான் தெரிது. பெரிய வூட்டு மருமவளாச்சே, கூட்ற பெருக்கறவங்களுக்குத் தெரியறது உனுக்கு எப்டித் தெரியும்?"

"வாய மூட்றி."

"உன் மருமவதான? பயமா?"

"பயமெல்லாம் இல்ல. மொற தப்பி நான் ஒண்ணும் செய்யறதில்ல."

உள்ளே லாவண்யா சுவரில் நெற்றியை மெதுவாக மோதுகிற சத்தம் கேட்டது. ஒரே தாளமாக இருந்தது. கனகா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

"கேக்குதா? உன் மொறய அரைச்சி அவ நெத்தில பத்து போடு" என்றாள்.

என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். சுவர் சரிந்த இடத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டாலும் கேட்கிறவள் இல்லை.

அவள் நேராக நடுவில் போய் நின்றாள். கிழக்கே பார்த்தாள். "லாவண்யாவுக்குத் தலநோவு" என்று சந்தையில் விலை கூவுவதுபோலச் சத்தமாகச் சொன்னாள். அவளுடைய வெளுத்த நிழல் முன்னால் விழுந்தது. அதன் தலை விழுந்த இடத்துக்குத் தேனீக்கள் சுற்றிலுமிருந்து வந்து சேர்ந்தன. அவள் அந்த இடத்திலேயே கையை விட்டுப் பறித்தாள். ஒன்றுகூடக் கொட்டவில்லை.

அவை எழுப்புகிற ஓசை முன்னாலும் கேட்டது, கண்ணாடியில் பட்டுப் பின்னாலும் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சுண்டு விரல்

லாவண்யாவுக்கு ஆவி பிடிக்க வைத்தேன். பற்றுப் போட்டேன். அன்று மாத்திரை இல்லாமல் தூங்கினாள். மறுநாள் எழுந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள்.

"அத்தம்மா, இல்ல. யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்க போல இருக்கு" என்றாள். போய்விட்டது என்று அவள் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள்.

இட்லி கேட்டு வாங்கித் தின்றாள். ஷிப்டுக்குப் போனாள். சேகர் அன்று பஸ்ஸை எடுக்கும்போது தேவையில்லாமல் ஹாரன் அடித்தான்.

நான் கனகாவைக் கவனிக்கத் தொடங்கினேன். அவள் எப்போதும்போல இருந்தாள். குழாயடியில் சண்டை போட்டாள். என் பூச்சாடியைக் காலால் தள்ளி வைத்தாள். எனக்கே சிரிப்பு வந்தது. கிழவியாகிப் பயந்துபோய்விட்டோம் என்று நினைத்தேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை, பின்பக்கம் துணி காயப்போடப் போனேன். கனகா கவிழ்த்த பக்கெட்மேல் உட்கார்ந்திருந்தாள். இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தியிருந்தாள்.

சுண்டு விரல் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

அது என் மருமகளின் கை. வேறு என்ன சொல்ல? வேலை செய்து காய்த்த கனகாவின் கையில் லாவண்யாவின் கை வந்து உட்கார்ந்திருந்தது.

"தல நோவுதா?" என்றேன்.

"உன் வேலையப் பாரு அண்ணி."

அதற்குப் பிறகு அவளால் மறைக்க முடியவில்லை. வேலை செய்கிற இடத்தில் தரை துடைக்கிற மாப்போடு சேர்ந்து விழுந்தாள். உடம்பைப் பார்த்துக்கொண்டு பிறகு வா என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று லாவண்யாவிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார்கள். அவள் அடுப்பு எரியவில்லை. நான் சோறு போட்டு வைத்த தட்டு அப்படியே இருந்தது. மூடி வைத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது.

ஒரு மத்தியானம் அவள் அறைப் பக்கம் போனபோது உள்ளே முனகல் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"தேனெட்டீகலு" என்றாள் கனகா. "தேனெட்டீகலு."

அவளுக்குத் தெலுங்கில் தண்ணீர் என்றுகூடக் கேட்கத் தெரியாது. லாவண்யா சொல்லி எப்போதாவது காதில் விழுந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தக் குரலும் அவளுடையதாக இல்லை.

போகாதே என்றாள்

மறுநாள் விடிந்ததும் நான் சாக்குப்பையை எடுத்தேன். கனகா எப்படித்தான் தெரிந்துகொண்டாளோ, தடவிக்கொண்டே வந்து குறுக்கே நின்றாள். கண் திறக்கவில்லை.

"எங்க போற?"

"கடைக்கு."

"சாக்கு எடுத்துகினா? நீ போவாத அண்ணி."

"ஏன், நீ மட்டும்தான் போவியா?"

"எனுக்குப் புருசன் இல்ல, புள்ள இல்ல. வந்தது எங்கூடவே கெடக்கட்டும். நீ இத எங்க கொண்டும்போய் வெப்ப? உனுக்கு வந்தா அந்தப் பொண்ணு பாத்துகினு சும்மா இருக்குமா? அதுவும் சாக்கத் தூக்கிகினு போவும். அப்பறம் எனுக்கு எதுக்கு வந்துது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் நியாயமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் என் பெயரும் பூங்காவனம். என் வீட்டுப் பெண்ணின் நோவை என் நாத்தனார் சுமக்க, நான் மூன்று வேளையும் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. மூடி வைத்த அந்தத் தட்டு என் கண் முன்னால் இருந்தது.

"எனுக்கு வந்தா யாருக்கும் தெரியாது. அதுதான் எனுக்கும் உனுக்கும் வித்தியாசம்" என்றேன். அவளை ஒதுக்கிவிட்டு நடந்தேன்.

"திமிரு புட்ச்சவளே!" என்று பின்னாலிருந்து கத்தினாள். அவள் அழுதாள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால் நான் சொல்லவில்லை.

நிமிராத நிழல்

தும்பை அப்போது முடிகிற பருவம். செடி காய்ந்து பழுப்பேறியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு திட்டு பச்சையாக, வெள்ளையாக நின்றது. இருந்த தேனீ எல்லாம் அங்கேதான் இருந்தது.

கிழக்கே பார்த்து நின்றேன். வெயில் முகத்திலும் விழுந்தது, முதுகிலும் விழுந்தது. முதுகு வெயில்தான் சூடாக இருந்ததுபோலத் தோன்றியது.

முன்னால் நிழல் வந்தது.

"கனகாவுக்குத் தலநோவு" என்று சொன்னேன். என் குரல் கண்ணாடியில் பட்டுத் திரும்பியதா தெரியாது. கொஞ்சம் பொறுத்து யாரோ பின்னாலிருந்து அதையே மெதுவாகச் சொன்னதுபோல இருந்தது.

நிழலின் தலைமேல் தேனீக்கள் வந்து அடைந்தன. நான் அவை எழும்புவதற்காகக் காத்திருந்தேன். முறையில் அந்த ஒன்றையாவது காப்பாற்றலாம் என்ற எண்ணம். அவை எழும்பவில்லை. கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் தலையில் கை வைத்த வெதுவெதுப்பு. விரல் இடுக்கில் புகுந்து வெளியே வந்தன. கொட்டவில்லை.

வேண்டிய மட்டும் பறித்து முடித்து நிமிர்ந்தேன்.

முன்னால் இருந்த நிழல் நிமிரவில்லை. குனிந்தபடியே இன்னும் பறித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கண் பார்வை குறைவு. கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பி நடந்தேன். சுவர்வரை ஓடவில்லை. நடந்துதான் போனேன்.

அதற்குப் பிறகு

ஆவி பிடித்து எழுந்த கனகா, போர்வையை விலக்கி முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். நன்றி சொல்கிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது.

"தல எப்டிகீது உனுக்கு?" என்றாள்.

"கழுத்து மேல கீது."

"கொழுப்பு" என்றாள். பிறகு நான் மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்து தின்றாள். உப்பு இல்லை என்று குறை சொன்னாள். சரியாகத்தான் போட்டிருந்தேன்.

அந்த வாரமே வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு உடனே ஒன்றும் வரவில்லை. பங்குனி போயிற்று. சித்திரை போயிற்று. ஒரு காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கட்டடத்தில் வெயில் ஏறியது. எங்கேயோ மோட்டார் ஓடுகிறதென்று நினைத்தேன். காதைப் பொத்திப் பார்த்தேன். பொத்திய பிறகும் ஓடியது.

இடது கை தானாக மேலே வந்தது. நான் அதை இறக்கிவிட்டேன். வாளியைப் பிடிக்க வைத்தேன்.

இப்போது எனக்கு அது பழகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். காலையில் அதிகம், வெயில் உச்சிக்குப் போனால் குறையும். கை சும்மா இருந்தால் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அதனால் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறேன். முறம், துடைப்பம், இல்லையென்றால் இந்தப் பேனா. புழுக்கம் என்று சொல்லி வெளி அறையில் தனியாகப் படுக்கிறேன். தூக்கத்தில் நான் என்ன பாஷை பேசுகிறேன் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

கனகாவுக்குச் சந்தேகம் உண்டு. தினமும் வந்து முகத்தைப் பார்க்கிறாள். பதிலுக்கு நானும் அவளை நேராகப் பார்க்கிறேன். எங்கள் இருவருக்கும் முறைத்துப் பார்த்துப் பழக்கம்தான், அது உதவியாக இருக்கிறது.

லாவண்யாவைத்தான் ஏமாற்ற முடியவில்லை. அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. சேகர் செல்போனைத் தவிர எதையும் படிக்கிறவன் இல்லை. கனகா பள்ளிக்கூடம் போகாதவள். அந்தத் தைரியத்தில்தான் இந்த வாரம் இதை எழுதினேன். எங்களைத் தெரிந்தவர்கள் யாராவது படித்தால் அவளிடம் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் இப்போது மாதமாக இருக்கிறாள்.

மறுபடியும் மழை வந்து நின்றிருக்கிறது. இன்று காலை அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அத்தம்மா, கனகத்தை யாருகிட்டயோ சொல்லிட்டிருந்தாங்க, அங்க தும்பை நல்லா பூத்திருக்காம்."

"பூக்கட்டும்."

"வரும்போது அந்தப் பக்கமா வரட்டுமா?"

"எதுக்கு? இங்க யாருக்கு இன்னா கொற? நேரா வூடு வந்து சேரு" என்றேன்.

அவள் நகரவில்லை. என் இடது கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. அதைத் தூக்கி அவளுக்கு டாட்டா காட்டினேன். சேகர் ஹாரன் அடித்தான். ஏறிக்கொண்டாள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பஸ் மெயின் ரோட்டில் திரும்புகிறவரை அந்தக் கையைக் கீழே இறக்காமல் நின்றேன்.